தலை சிறுத்த நிழல்

"பாக், ஒரு சந்தேகம். காணாமப் போனது பொம்மையா, பொணமா?"

கினாந்தி இதைக் கேட்டது கூடத்தின் நடுவில் நின்று, பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில். நல்லவேளை, அங்கே பத்துப் பேர் இல்லை. துப்பறியும் தர்சோனோவும், அவரை மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடுகிற உதவியாளரான இவளும், கண்காட்சியைப் படைத்த வெனிங்கும் மட்டும்தான்.

"நந்தி, வாயைக் கொஞ்சம் மூடு" என்றார் தர்சோனோ.

"பிரம்பானான் கோயில் மாட்டுப் பேரை வெச்சுக் கூப்பிட்டா முட்டத்தான் செய்வேன்."

வெனிங் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். இரண்டு நாள் தூங்காத கண். ஜாவாவின் ஜோக்ஜா நகரில் வயாங் நிழற்கூத்தை வைத்துப் புதுக் கலை செய்கிறவர்களில் அவள் பெயர் இப்போதுதான் வெளிநாடு வரை போயிருந்தது. அவள் தோலில் பொம்மை செதுக்குவதில்லை. மருத்துவமனைகள் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களைப் பழைய சாமான்காரனிடம் வாங்கி, அதில் கூர்மூக்கும் கொண்டையும் நீண்ட கையுமாக உருவங்களை வெட்டுவாள். திரைக்குப் பின்னால் விளக்கு மெல்ல ஆடும். முன்னால் இருப்பவர்களுக்குக் கறுத்த உருவமும், அதற்குள்ளே வெளிச்சக் கோடுகளாக விலா எலும்புகளும் தெரியும். கண்காட்சிக்கு அவள் வைத்த பெயர் 'திரும்பாதவர்கள்'.

"எல்லாரும் இறந்தவங்க" என்றாள் வெனிங். "பேரைச் சுரண்டிட்டு முதல் எழுத்தை மட்டும் போட்டேன். காணாமப் போனது இது."

சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள். 'திருமதி ந., 1958 – 2006.'

"நாளைக்கு எல்லாம் பெட்டியில ஏறி ஐரோப்பா போகணும். காலைல கழட்டும்போதுதான் பார்த்தேன். கைப்பிடி மூங்கில். நான் எப்பவும் எருமைக்கொம்புதான் போடுவேன். யாரோ எடுத்துட்டு அந்த இடத்துல போலியை வெச்சிருக்காங்க. எப்ப மாத்தினாங்கன்னே தெரியல."

"நிழல் மட்டும் ஒழுங்கா விழுந்துட்டிருந்தா யாரு பின்னால போய்ப் பார்க்கப் போறா" என்றார் தர்சோனோ.

"காவலாளி துகிரான் ஒருத்தர்கிட்டதான் சாவி. வீட்டுக்கு அனுப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள பொம்மை வரலைன்னா போலீஸ்ல சொல்லிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

தர்சோனோ போலியைக் கையில் வாங்கினார். அதுவும் எக்ஸ்ரே படம்தான். நன்றாகவே வெட்டப்பட்டிருந்தது. ஆனால் எதுவோ இடித்தது. பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அவசரம் கிடையாது. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் யாருமில்லை. கிளம்பும்போது வானொலியை அணைக்காமல் வருகிற பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. திரும்பி வந்து கதவைத் திறக்கையில் ஏதாவதொரு குரல் கேட்கட்டும் என்றுதான். மனைவி பிரிந்து போய்ப் பல வருடம். மகள் பாத்தாம் தீவில் இருக்கிறாள், பெருநாளுக்குப் பேசுவாள்.

"பாக், இந்தப் பொம்மையோட படத்தை ஊரே எடுத்துப் போட்டிருக்கு" என்று கினாந்தி கைபேசியை நீட்டினாள். "இந்தப் பொண்ணு நிழல் முன்னால நின்னு உதட்டைக் குவிக்குது. இந்தப் பையனும் குவிக்கிறான். செத்தவங்க முன்னால நின்னா இப்பல்லாம் உதட்டைக் குவிக்கணும் போல. அது கிடக்கட்டும். இது போன மாசம் எடுத்தது. இது போன வாரம். தலையைப் பாருங்க."

பார்த்தார். போன மாதத்து நிழலில் தலை தோளுக்குப் பொருத்தமாக இருந்தது. போன வாரத்து நிழலில் தலை சிறுத்துப் போயிருந்தது. இடுப்பு அகன்றிருந்தது. இடது கை வலது கையைவிடப் பெரிது.

"வயசானா உடம்பு போடும். தலை சுருங்குமா?" என்றாள் கினாந்தி.

தர்சோனோ போலியை அவளிடம் கொடுத்தார். திரைக்கு முன்னால் போய் இடப்பக்க மூலையில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெனிங் திகைத்தாள்.

"அவர் அப்படித்தான். சில சமயம் படுப்பார்" என்றாள் கினாந்தி.

"விளக்கைப் போடுங்க" என்றார் தர்சோனோ.

விளக்கு எரிந்தது. மிச்சமிருந்த நிழல்கள் திரையில் எழுந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார். எல்லா நிழலுக்கும் தலை சிறுத்து, இடுப்பு அகன்று, பக்கத்திலிருந்த கை பெருத்துத் தெரிந்தது.

"நந்தி, வந்து இங்க உக்காரு."

உட்கார்ந்தாள். பார்த்தாள்.

"போலியை வெட்டினவங்க பொம்மையைப் பார்த்து வெட்டல. இந்த மூலையில, இவ்வளவு தாழ்வா உக்காந்து நிழலைப் படம் எடுத்திருக்காங்க. அதைப் பெருசாக்கி, அச்சு மாறாம வெட்டியிருக்காங்க" என்றார் தர்சோனோ. "உங்க பட்டறை ஆளா இருந்தா, உள்ளே போய் அளவெடுத்திருப்பான். காவலாளின்னாலும் அப்படித்தான். இவங்க முன்னால உக்காந்து பார்த்த ஆள்."

"அப்ப துகிரான் இல்லைங்கிறீங்களா?"

"அவர் கதவைத் திறந்து விட்டாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது."

கினாந்தி போலியை விளக்குக்கு நேரே பிடித்திருந்தாள். "பாக், ஓரத்துல வரிசையாப் புள்ளி. எறும்பு கடிச்ச மாதிரி. எங்க அத்தை வீட்ல தாள்லேர்ந்து துணிக்கு அளவை மாத்த ஒரு பல்சக்கரம் உருட்டுவா. அது போற வழியெல்லாம் இப்படித்தான் புள்ளி விழும்."

"தையல்காரர்."

"தையல்காரர்" என்று அவளும் சொன்னாள். "திருடறதுக்கு முன்னால கோடு போட்டுக்கிட்ட முதல் திருடன்."

*

துகிரானின் வீடு பந்துல் போகிற சாலையில், கரும்புக் கொல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆள் வாசலில் குந்தி, காலியான பறவைக்கூண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். காவலாளிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"என்னைப் பிடிச்சுட்டுப் போக வந்தீங்களா?"

"வண்டியில மூணு பேர் உக்கார முடியாது மாஸ். கேள்வி கேட்கத்தான் வந்தோம்" என்றாள் கினாந்தி, அண்ணன் முறை வைத்து.

"இடப்பக்க மூலையில, தாழ்வா உக்காந்து பார்க்கிறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார் தர்சோனோ.

துகிரானின் கை நின்றது. பிறகு கூண்டை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். கம்பி பளபளவென்றுதான் இருந்தது.

"மாஸ், நீங்க சொல்லலைன்னா சாயங்காலம் போலீஸ் வரும்."

"ஒரு அம்மா வருவாங்க. மத்தியானத்துல. கையோட குட்டை முக்காலி ஒண்ணு கொண்டு வந்து அந்த மூலையில போட்டுப்பாங்க. யாருக்கும் இடைஞ்சல் கிடையாது. 'இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க?'ன்னு கேப்பாங்க. நிறைய பேர்னு சொன்னா அவங்க முகத்துல ஒரு சந்தோஷம். ஏதோ அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி."

"பேரு?"

"கேட்டதில்ல. எனக்குப் பலகாரம் கொண்டு வருவாங்க. கீப்போ. வாழை இலையில சுட்ட அந்தப் பச்சைக் கொழுக்கட்டை. ஒருநாள் என் சட்டைப் பொத்தான் அறுந்து தொங்கிச்சு. பையிலேர்ந்து ஊசியை எடுத்து, நான் போட்டிருக்கும்போதே தச்சு விட்டாங்க. கறுப்பு நூல் இல்லைன்னு நீலத்துல."

நெஞ்சைக் காட்டினார். நாலு கறுப்பு நூலுக்கு நடுவே ஒரு நீல நூல்.

"நீங்க எப்பவாவது அவங்களைத் தனியா விட்டுட்டுப் போனதுண்டா?" தர்சோனோ மெதுவாகத்தான் கேட்டார்.

துகிரான் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"ஒருநாள் தலை சுத்துதுன்னாங்க. சூடா டீ கிடைக்குமான்னு கேட்டாங்க. நான் தெருமுனை வரைக்கும் ஓடினேன். மழை வேற. நனைஞ்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தேன்." கூண்டைக் கீழே வைத்தார். "குடிச்சாங்க. நல்லாயிடுச்சுன்னாங்க. மறுநாள்லேர்ந்து வரல. உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு நான் வேற கவலைப்பட்டுட்டு இருக்கேன்."

கினாந்தி வண்டிச் சாவியை எடுத்தாள்.

கிளம்பும்போது துகிரான் பின்னாலேயே வண்டி வரைக்கும் வந்தார். "பாக், அவங்களை அதட்டிக் கேக்காதீங்க" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

*

நல்ல கீப்போ வேண்டுமென்றால் கோத்தகெடேக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் இரண்டு மூன்று கடைதான். இரண்டாவது கடைக்காரி, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டாள்.

"முக்காலி தூக்கிட்டுப் போற தையல்காரம்மாவா? புர்வந்தி. வெள்ளிப் பட்டறைச் சந்துல நேராப் போங்க, கொய்யா மரம் வெச்ச வீடு. பாவம், தனி ஆளு. பத்து வாங்குவா. ரெண்டு தின்னுட்டு மிச்சத்தை யாருக்காவது கொடுத்துடுவா."

"செத்துப்போன திருமதி ந.வுக்கு இவங்க தங்கச்சியா இருக்கணும். இல்ல நாத்தனார்" என்றாள் கினாந்தி, கீப்போவை வாயில் போட்டுக்கொண்டு. "குடும்பத்து எலும்பைச் சந்தி சிரிக்க வெச்சிருக்காங்களேன்னு கோபம். நான் சொல்றது சரியா?"

தர்சோனோ கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெனிங் போலியோடு கொடுத்தனுப்பிய கண்காட்சிப் புத்தகத்தில் திருமதி ந. இருந்த பக்கத்தை விரித்தார். போலியை உறையிலிருந்து எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தார். மழைக்கு முந்தைய வெளிச்சம். எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன.

"நந்தி, இடப்பக்கம் மூணாவது விலாவைப் பாரு."

"கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியுது."

"புத்தகத்துல?"

குனிந்து பார்த்தாள். மெல்வது நின்றது. "இதுலயும் பிரியுது."

"ஊர்ல எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? ரெண்டும் ஒரே ஆளோட படம். இப்ப காறை எலும்பைப் பாரு."

புத்தகத்திலிருந்த அசல் படத்தில் வலது காறை எலும்பு முறிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. போலியில் அதே எலும்பு ஒரே எலும்பாக இருந்தது. நடுவில் ஒரு முண்டு மட்டும்.

கினாந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைக்காரியை ஒரு முறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பாக், செத்தவங்களுக்கு எலும்பு கூடுமா?"

"கூடாது."

"அப்போ..."

"எழுந்திரு. மழை வர்றதுக்குள்ள போயிடலாம்."

*

கொய்யா மரம் வைத்த வீட்டின் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம். கினாந்தி குரல் கொடுத்ததும் நின்றது.

வந்தவள் சிறிய உருவம். நரைத்த கொண்டை. கழுத்தில் அளவு நாடா. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க வலது கையைத் தூக்கினாள். கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. தலையைக் குனிந்து முடியைக் கைக்குக் கொண்டு வந்தாள்.

தர்சோனோ கைகூப்பி, அம்மா என்கிற மரியாதையோடு கேட்டார். "இபு, நீங்கதானே திருமதி ந.?"

அவள் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த உறையைப் பார்த்தாள். பயப்படவில்லை. வெகு நேரமாக எதிர்பார்த்த விருந்தாளி வந்ததுபோல் நகர்ந்து வழிவிட்டாள்.

"ங்காதிமின் சம்சாரம். எங்க எழுத்துல ந-லதான் ஆரம்பிக்கும், அந்த ந. அவரோட பேரு. உள்ளே வாங்க, டீ போடுறேன்."

"இருக்கட்டும் இபு."

"போடுறேனே. யாரும் வர்றதில்ல."

சொன்னபடி போட்டாள். மூன்று கோப்பைகளையும் வைத்துவிட்டு, அந்தக் குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். உறையிலிருந்து கினாந்தி எடுத்துக் கொடுத்த போலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலை சின்னதாப் போச்சு. எனக்கே தெரியும். துணியா இருந்தா ஓரத்துல விட்டுப் பிடிச்சிருப்பேன்."

"சும்மா சொல்லக் கூடாது, நாங்க பார்த்ததிலேயே நேர்த்தியான திருட்டு" என்றாள் கினாந்தி.

"திருட்டா?" புர்வந்தி நிமிர்ந்தாள். "எடுத்த இடத்துல இன்னொண்ணு வெச்சேனேம்மா. அதுவும் நான்தான். கை சேர்ந்ததும் ஆஸ்பத்திரியில மறுபடி எடுத்துக் கொடுத்த படம். ஒடைஞ்ச என்னை எடுத்துக்கிட்டு, சேர்ந்த என்னைக் கொடுத்தேன். அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

கினாந்தி டீக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க நேரா வந்து கேட்டிருக்கலாமே" என்றார் தர்சோனோ.

"கேக்கத்தான் போனேன். என்கிட்ட துணி தைக்கக் கொடுக்கிற பொண்ணு ஒண்ணு, போன்ல அந்தப் படத்தைக் காட்டிச்சு. விலாவைப் பார்த்ததும் தூக்கி வாரிப் போட்டுது. டாக்டருங்க ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக் காட்டின விலாவாச்சே அது. போனா, அந்தம்மா கூட்டத்துக்கு நடுவுல மைக்ல பேசிட்டிருந்தாங்க. 'இந்தப் பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. இவளுக்காக அழ ஒருவரும் இல்லை'ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் கடைசியில முக்காலியோட நின்னுட்டிருந்தேன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "நானும் தட்டினேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓட்டில் சடசடவென்று இறங்கியது.

"மறுநாள் கோபத்தோட போனேன். அங்க ஒரு காலேஜ் பொண்ணு என் நிழலைப் பார்த்து அழுதுட்டு நிக்குது. நெஜமாத்தான், மூக்கைச் சிந்திச் சிந்தி. என்னைப் பார்த்து யாரும் அழுது நான் பார்த்ததில்ல. எனக்குப் பிள்ளை கிடையாது. அப்புறம் கோபம் எங்க நிக்கும்? தினமும் போக ஆரம்பிச்சேன். இங்க உக்காந்திருந்தா மிஷின் சத்தம்தான். அங்க போனா நாலு பேர் என்னைப் பார்க்கிறாங்களே."

"பிறகு ஏன் எடுத்தீங்க? வெளிநாடு போகுதுன்னு தெரிஞ்சதாலயா?"

புர்வந்தி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அசல் பொம்மை கையில் இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் போய் மழை வெளிச்சத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். கொம்புக் கைப்பிடி பளபளத்தது.

"நான் என்னத்துக்கு என் எலும்பை எடுக்கப் போறேன்? அது என்கிட்டயே இருக்கு. இங்க பாருங்க. தோளுக்குப் பக்கத்துல, ஓரமா."

தர்சோனோ கிட்டே போனார். புத்தகத்தில் அதைப் பார்த்திருந்தார். வெனிங் பூவேலை ஏதோ வெட்டியிருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டார். இப்போதுதான் தெரிந்தது. பூவேலை இல்லை. முறிந்த காறை எலும்புக்கு இந்தப் பக்கம், தோளை அழுத்திப் பிடித்தபடி நாலு விரல். மெலிந்து நீண்ட நாலு விரல் எலும்புகள்.

"அவரோட கை" என்றாள் புர்வந்தி. "ரெண்டாயிரத்து ஆறு பூகம்பத்தன்னைக்கு ஆஸ்பத்திரி முற்றத்துல வெச்சு எடுத்தாங்க. உள்ளே இடமில்ல. பாயில படுக்கப் போட்டிருந்தாங்க. வலியில நான் துள்றேன். அசையாமப் பிடிங்கன்னு அவர்கிட்ட சொன்னாங்க. பிடிச்சார். அவர் மேலயும் சுவர் விழுந்துதான் இருந்தது. ஆனா நடந்தார், பேசினார், எனக்குத் தண்ணி கொண்டு வந்தார். ஒண்ணும் இல்லைன்னார். எனக்குப் படம் எடுத்தாங்க. அவருக்கு யாரும் எடுக்கல. உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டே இருந்திருக்கு. மறுநாள் விடியல்ல என் பக்கத்துல உக்காந்த வாக்கிலேயே போயிட்டார்."

கினாந்தி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வீடு மொத்தமும் போச்சு. கல்யாண போட்டோ, அவர் சட்டை, எதுவும் மிஞ்சல. அந்தப் படத்தை அன்னைக்கு எங்க போட்டாங்களோ, கேட்டுப் பார்த்தேன், கிடைக்கல. இத்தனை வருஷம் கழிச்சுத் திரையில விளக்குப் போட்டுக் காட்டுறாங்க. அந்த மூலையில உக்காந்தா கை நேரா எனக்கு மேல இருக்கும். அதான் அங்க உக்காந்தேன்."

தர்சோனோ வெகு நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. இருபது வருடம் இந்தத் தொழிலில் திருடர்களைப் பார்த்திருக்கிறார். அழுதவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு. ஒருவர் மீதும் இப்படிப் பொறாமை வந்ததில்லை. தன் தோளைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை.

"இபு, ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. துகிரானை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. திருடினது அவர்தான்னு நெனைக்கிறாங்க. சாயங்காலம் போலீஸ் போகும்."

புர்வந்தி ஜன்னலை விட்டு வந்தாள். பொம்மையை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு டீ வாங்கப் போனாரே, அவரா?"

"அவர்தான்."

"மழையில நனைஞ்சுட்டு வந்தார்." கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி எறிந்தாள். "குடை எங்க வெச்சேன்? எழுந்திரும்மா, உன் வண்டியில என்னை ஏத்திக்க. பாக், நீங்க ஆட்டோ ஏதாவது பிடிச்சு வாங்க."

*

தர்சோனோ வந்து சேர்வதற்குள் கூடத்தில் எல்லாம் ஆரம்பித்துவிட்டது. புர்வந்தி திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். புடவைபோலச் சுற்றிய பாத்திக் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிரே வெனிங், வெளுத்த முகத்தோடு.

"நான்தாம்மா திருமதி ந. இன்னும் சாகல" என்று புர்வந்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "முதல்ல அந்தத் துகிரானைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

வெனிங் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "பழைய சாமான்காரன் சொன்னான். ஆள் செத்தாத்தான் படத்தைக் கழிப்பாங்கன்னு..."

"நீங்க ஆஸ்பத்திரியில கேட்டிருக்கலாமே" என்றாள் கினாந்தி. அவள் குரலில் கேலி இல்லாதது தர்சோனோவுக்கே புதிதாக இருந்தது.

"கேக்கல. இறந்தவங்கன்னு நெனைச்சாத்தான் எனக்குக் கதை சரியா வந்தது." வெனிங் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இபு, என்னை மன்னிச்சிடுங்க. பேசக்கூட உரிமை இல்லாதவ நான். மேடையில என்னென்னமோ பேசினேன்."

"நல்லாத்தான் பேசினீங்க. எனக்கே பாவமா இருந்தது" என்றாள் புர்வந்தி.

துணியைப் பிரித்து அசலைக் காட்டினாள். அந்த விரல்களைப் பற்றிச் சொன்னாள். வெனிங் அதைத் தொடவில்லை. தான் செதுக்கிய பொருளை முதல் தடவையாகப் பார்க்கிறவள்போல் பார்த்தாள். அந்த விரல்களைச் சுற்றி உளி ஓட்டிய நாள் நினைவிருக்கிறது என்றாள். அழகான கறை என்று நினைத்து விட்டு வைத்தாளாம்.

"இது உங்களோடது. கொண்டு போங்க. அந்த இடம் வெறுமையாவே போகட்டும்."

"ஏன் வெறுமையாப் போகணும்? என் படம் இருக்கே" என்றாள் புர்வந்தி. "தலையை மட்டும் சரி பண்ணுங்க. அங்க எவ்வளவோ பேர் பார்ப்பாங்களாமே."

வெனிங் எழுந்து போய் சுவரிலிருந்த அட்டையைக் கிழித்தாள். வேறு அட்டையில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். புர்வந்தி கொஞ்சம் யோசித்தாள்.

"புர்வந்தி. கோத்தகெடே. கெபாயா ரவிக்கை நல்லாத் தைப்பாள். அவ்வளவு போதும்."

வெனிங் துகிரானைக் கைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாம் முறை எடுத்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு வார்த்தை. இணைப்பு நின்றது.

"என்ன சொன்னார்?" புர்வந்தி ஆவலாகக் கேட்டாள்.

"'சரிங்க'ன்னார். உங்களைப் பத்திக் கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

புர்வந்தி தலையசைத்தாள். பொம்மையைத் துணியில் மறுபடி சுற்றினாள்.

*

மழை விட்டிருந்தது. கினாந்தி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் புர்வந்தி துணிப்பொட்டலத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தர்சோனோ பக்கத்தில் நின்றார். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அந்த மனுஷன் கோபமா இருப்பார்" என்றாள் அவள்.

"கோபம்னு சொல்ல முடியாது இபு. நீங்க வராததுக்கு உடம்பு சரியில்லையோன்னு கவலைப்பட்டிருக்கார். இப்ப தெரிஞ்சதும் வலிச்சிருக்கும்."

"தலை சுத்தவே இல்ல, பாக். பொய் சொன்னேன். அந்த டீயையும் குடிச்சேன்." பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். "எனக்குன்னு ஒருத்தர் ஓடிப் போய் எதையாவது வாங்கிட்டு வந்தது அதுக்கு முன்னால பூகம்பத்தன்னைக்குத்தான். அதையும் கெடுத்துக்கிட்டேன்."

பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நாளைக்குக் காலைல அவர் வீட்டுக்குப் போய் நேர்ல மன்னிப்புக் கேக்கணும். அவர் கதவைச் சாத்தினாலும் பரவாயில்ல. ஆனா..." அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "தனியாப் போக பயமா இருக்கு. நீங்க கூட வருவீங்களா? வேலை இருந்தா வேண்டாம்."

வண்டியருகே கினாந்தி துணியைப் பிழிவதை நிறுத்தினாள். அவருடைய பதில் அவளுக்குத் தெரியும். கல்யாணமோ, கருமாதியோ, பிறந்தநாளோ, யார் எங்கே கூப்பிட்டாலும் 'பார்க்கலாம்' என்பார். அப்புறம் போகவே மாட்டார்.

பேருந்து வந்து நின்றது. புர்வந்தி படியில் காலை வைத்தாள். இடது கையில் பொட்டலம். வலது கை கம்பிக்கு எட்டவில்லை. தர்சோனோ அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

"எத்தனை மணிக்கு வரட்டும், இபு?" என்று கேட்டார்.